பெயர் வழங்கியின் முகவரியைக் கணினிக்குச் சொல்ல வேண்டியது யார்?
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் ஏழு ஒரே பொருளைப் பற்றியவை. வலையமைப்பில் உள்ள கணினிகளுக்கு டிஎன்எஸ் சர்வரின் முகவரி எப்படிப் போய்ச் சேர்கிறது, அதைத் தானாகப் போய்ச் சேரும்படி அமைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். பிற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இந்த ஏழுக்கு மட்டும் சற்று விரிவாக விடை எழுதுகிறேன். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் சர்வர். அதைக் கீழே பெயர் வழங்கி என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: எங்கள் மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தில் 30 கணினிகள் உள்ளன. சென்ற மாதம் இணைய இணைப்பு நிறுவனத்தை மாற்றினோம். அன்று முதல் 19 கணினிகளில் இணையம் வழக்கம்போல் வருகிறது, 11 கணினிகளில் எந்தத் தளமும் திறப்பதில்லை. அந்த 11 கணினிகளுக்கும் ஐபி முகவரி கிடைக்கிறது, கூகுளின் 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று சோதிக்கும் கட்டளை) கொடுத்தால் பதிலும் வருகிறது. ஒவ்வொரு கணினியின் முன்னும் உட்கார்ந்து மாற்றாமல், ஒரே இடத்திலிருந்து எல்லாவற்றுக்கும் அமைக்க வழி உண்டா?
— கணினி ஆசிரியை, கரூர்

பதில்: குறை எங்கே என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. 8.8.8.8 பதில் சொல்கிறது என்றால் கேபிள், சுவிட்ச், ரவுட்டர், வெளி இணைப்பு ஆகிய நான்கும் நன்றாக இருக்கின்றன. எண்ணைச் சொன்னால் போகிறது, பெயரைச் சொன்னால் போகவில்லை என்பதால், பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் தடை. அந்த 11 கணினிகளிலும் பழைய இணைப்பு நிறுவனத்தின் பெயர் வழங்கி முகவரியை எப்போதோ யாரோ கையால் எழுதி வைத்திருக்க வேண்டும். இணைப்பு நிறுவனங்கள் பெரும்பாலும் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பெயர் வழங்கியைத் திறந்து வைக்கின்றன. நீங்கள் நிறுவனம் மாறிய அன்றே அந்த முகவரி உங்களுக்குப் பயன்படாமல் போய்விட்டது.

ஐபி முகவரி தானாக வரும்போது பெயர் வழங்கி மட்டும் எப்படிப் பழையதாகவே இருக்கிறது என்ற ஐயம் எழும். விண்டோஸில் இவை இரண்டும் தனித்தனி அமைப்புகள். நெட்வொர்க் அட்டையின் பண்புகளில் ஐபிவி4 (வழக்கமான ஐபி முகவரி முறை) பகுதியைத் திறந்தால், மேலே ஐபி முகவரியைத் தானாகப் பெறுவதா என்ற தேர்வும், கீழே பெயர் வழங்கியின் முகவரியைத் தானாகப் பெறுவதா என்ற தேர்வும் இருக்கும். மேலே தானாக என்றும் கீழே கையால் என்றும் வைக்க இயலும். அப்படி வைத்தால், ரவுட்டர் எந்தப் பெயர் வழங்கியை அறிவித்தாலும் கணினி அதை ஒதுக்கிவிட்டுக் கையால் எழுதியதையே பின்பற்றும். உங்கள் ஆய்வகத்தில் நடப்பது இதுதானா என்று உறுதி செய்ய, கட்டளைத் திரையில் 'நெட்எஸ்ஹெச் இன்டர்ஃபேஸ் ஐபி ஷோ டிஎன்எஸ்சர்வர்ஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். நன்றாக இருக்கும் கணினியில், பெயர் வழங்கி டிஹெச்சிபி (கணினிகளுக்கு முகவரி முதலிய விவரங்களைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியாகப் பெறப்பட்டது என்று வரும். பழுதான கணினியில் அதே இடத்தில், நிலையாக எழுதப்பட்டது என்று வரும். 'ஐபிகான்ஃபிக்' கட்டளை முகவரியை மட்டும் காட்டும், அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அதனால்தான் இந்தக் கட்டளையைப் பரிந்துரைக்கிறேன்.

எனவே அந்த 11 கணினிகளின் முன்னும் ஒரே ஒரு முறை உட்கார்ந்துதான் ஆக வேண்டும். ஆனால் புதிய நிறுவனத்தின் முகவரியை எழுதுவதற்காக அல்ல, எழுதியிருப்பதை அழித்துவிட்டுத் தானாகப் பெறும் தேர்வை வைப்பதற்காக. புதிய முகவரியை எழுதினால் அடுத்த முறை நிறுவனம் மாறும்போது இதே கடிதத்தை மீண்டும் எனக்கு எழுத நேரும்.

இனி, தானாக வருவது எப்படி என்பதைப் பார்ப்போம். கணினியை இயக்கியதும் அதற்குத் தன் முகவரியும் தெரியாது, யாரைக் கேட்பது என்பதும் தெரியாது. ஆகவே 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து, அந்த வலையமைப்பில் இருக்கும் அனைவரையும் குறிக்கும் 255.255.255.255 என்ற முகவரிக்கு, 'இங்கே டிஹெச்சிபி சர்வர் யாரேனும் உண்டா?' என்று குரல் கொடுக்கிறது. சர்வர் 67-ஆம் போர்ட்டில் (செய்தி வந்து சேரும் வாசல் எண்) அதைக் கேட்டு, 'இந்த முகவரியை எடுத்துக்கொள்' என்று முன்மொழிகிறது. கணினி 'அதையே எடுத்துக்கொள்கிறேன்' என்று விண்ணப்பிக்கிறது, சர்வர் உறுதி செய்கிறது. நான்கே செய்திகளில் முடியும் இந்த உரையாடலில், எனக்கு இன்னின்ன விவரங்களும் வேண்டும் என்று ஒரு பட்டியலையும் கணினி சேர்த்தே அனுப்புகிறது. ஒவ்வொரு விவரத்துக்கும் ஓர் எண் உண்டு: 3 என்பது வெளியே போகும் வழியான ரவுட்டர், 6 என்பது பெயர் வழங்கிகள், 15 என்பது நிறுவனத்தின் களப்பெயர், 51 என்பது முகவரியை வைத்திருக்கலாம் என்ற குத்தகைக் காலம். ஆறாம் எண்ணின் கீழ் சர்வர் எந்த முகவரிகளை எழுதி அனுப்புகிறதோ அவையே கணினியின் பெயர் வழங்கிகள் ஆகின்றன.

உங்கள் ஆய்வகத்தில் டிஹெச்சிபி சர்வர் வேலையைச் செய்வது பெரும்பாலும் ரவுட்டராகவே இருக்கும். இணைப்பு நிறுவனம் தன் பெயர் வழங்கிகளை ரவுட்டருக்குச் சொல்கிறது. ரவுட்டர் பல நேரங்களில் அவற்றை அப்படியே கடத்தாமல் 192.168.1.1 என்பது போன்ற தன் சொந்த முகவரியையே கணினிகளுக்குப் பெயர் வழங்கியாக அறிவித்து, வருகிற கேள்விகளை வெளியே அனுப்பிப் பதில் வாங்கித் தருகிறது. இந்த ஏற்பாடு பள்ளிக்கு மிகவும் ஏற்றது. எத்தனை முறை நிறுவனம் மாறினாலும் கணினிகளைத் தொட வேண்டிய தேவை வராது. நீங்களே பெயர் வழங்கியைத் தேர்ந்தெடுக்க விரும்பினால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் லேன் (உள் வலையமைப்பு) என்ற பிரிவில் உள்ள டிஹெச்சிபி பகுதியில் எழுதுங்கள். வேன் (வெளி இணைப்பு) பிரிவிலும் அதே போன்ற கட்டங்கள் இருக்கும். அவை ரவுட்டர் தான் யாரைக் கேட்க வேண்டும் என்பதற்கானவை; கணினிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பதற்கானவை அல்ல.

மாற்றியதும் எல்லாக் கணினிகளுக்கும் உடனே தெரிந்துவிடாது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் கணினி சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். புதிய விவரம் அப்போதுதான் வரும். விண்டோஸ் சர்வரில் குத்தகை இயல்பாக 8 நாள் என்பதால், அணைக்காமல் ஓடும் கணினிக்குச் செய்தி சேர 4 நாள் ஆகலாம். மாலையில் அணைத்து மறுநாள் இயக்கும் கணினிகளுக்கு இந்தக் கவலை இல்லை, ஏனெனில் இயக்கும்போதே சர்வரை ஒரு முறை கேட்டுவிடும். பெரிய மாற்றம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால், ஒரு வாரத்துக்கு முன்பே குத்தகையை ஒரு மணி நேரமாகக் குறைத்து வையுங்கள், மாற்றம் முடிந்தபின் பழையபடி நீட்டிவிடுங்கள். அவசரமாக ஒரு கணினியில் மட்டும் வேண்டுமென்றால் 'ஐபிகான்ஃபிக் /ரினியூ' போதும்.

கேள்வி: எங்கள் நூல் வணிக அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் இருக்கும் சர்வரைப் பெயர் சொல்லியே திறக்கிறோம். அந்தப் பெயர் எங்கள் சொந்தப் பெயர் வழங்கிக்கு மட்டுமே தெரியும். டிஹெச்சிபி-யில் முதலாவதாக எங்கள் பெயர் வழங்கியையும், பாதுகாப்புக்காக இரண்டாவதாக 8.8.8.8-ஐயும் கொடுத்திருக்கிறேன். நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஏதோ ஒரு கணினியில், அப்படி ஒரு பெயரே இல்லை என்று வருகிறது. சற்று நேரத்தில் தானாகவே சரியாகிவிடுகிறது. காரணம் புரியவில்லை.
— கணக்காளர், ஈரோடு

பதில்: பாதுகாப்புக்காக என்று நீங்கள் சேர்த்த அந்த இரண்டாவது முகவரிதான் காரணம். முதல் பெயர் வழங்கிக்குத் தெரியாததை இரண்டாவதிடம் கேட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கை மிகப் பரவலாக இருக்கிறது. கணினி அப்படி நடப்பதில்லை. முதலாவது 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று சொன்னாலும் அது பதில்தான். கணினி அத்துடன் தேடலை முடித்துக்கொள்ளும். முதலாவது பதிலே சொல்லாமல் இருந்தால் மட்டுமே இரண்டாவதிடம் போகும். விண்டோஸ் கணினி இதற்கு ஒரு விநாடி அளவே பொறுத்திருக்கும். உங்கள் பெயர் வழங்கி காப்பு எடுக்கும் வேலையில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும் ஒரு கணத்தில் கேள்வி வந்தால், கணினி 8.8.8.8-ஐக் கேட்கிறது. கூகுளின் அந்தப் பெயர் வழங்கிக்கு உங்கள் அலுவலகத்துக் கணக்குச் சர்வரைப் பற்றி ஏதும் தெரியாது. 'இல்லை' என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. கணினி அந்த 'இல்லை'யைச் சிறிது நேரம் நினைவில் வைத்துக்கொள்வதால் குறை நீடிக்கிறது, நினைவு காலாவதியானதும் தானாகவே தீர்ந்தது போல் தோன்றுகிறது.

பட்டியலில் இருக்கும் பெயர் வழங்கிகள் அனைத்தும் எந்தக் கேள்விக்கும் ஒரே பதிலைச் சொல்பவையாக இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. 8.8.8.8-ஐ டிஹெச்சிபி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, உங்கள் பெயர் வழங்கியிலேயே, தனக்குத் தெரியாத வெளிப் பெயர்களுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்ற ஃபார்வர்டர் பகுதியில் எழுதுங்கள். வெளி உலகத்துக்கும் அலுவலகத்துக்கும் பாலமாக இருப்பது அந்தப் பெயர் வழங்கியின் வேலை. கணினிகள் அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. இரண்டாவது ஒன்று வேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். அதற்குப் பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறு மென்பொருளை ஓட விடுங்கள். அலுவலகப் பெயர்களை அதிலும் எழுதி வைத்து, அதன் முகவரியை இரண்டாவதாகக் கொடுங்கள். சைமன் கெல்லி எழுதிய இந்த மென்பொருள் பெயர் வழங்கியாகவும் டிஹெச்சிபி சர்வராகவும் இருக்கக்கூடியது. நீங்கள் வேறுவிதமாகச் சொல்லாதவரை ஆறாம் எண்ணில் தன் முகவரியையே கணினிகளுக்கு அறிவிக்கும். உங்கள் அலுவலகத்தில் ஏற்கெனவே ஒரு டிஹெச்சிபி சர்வர் இருப்பதால், இதன் டிஹெச்சிபி பகுதியை மட்டும் இயக்காமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் சர்வரின் டிஹெச்சிபி திரையில் 005 நேம் சர்வர்ஸ் என்றும் 006 டிஎன்எஸ் சர்வர்ஸ் என்றும் இரண்டு இருக்கின்றன. எதில் எழுத வேண்டும்?
— பாலிடெக்னிக் மாணவர், நாகர்கோவில்

பதில்: 006-இல் மட்டும். பெயரைப் பார்த்து 005-இல் எழுதிவிட்டு, கணினிகளுக்கு ஏன் போகவில்லை என்று அரை நாளைத் தொலைத்தவர்கள் பலர் உண்டு. டிஎன்எஸ் முறையைப் பால் மோக்காபெட்ரிஸ் வகுத்து வெளியிட்டது 1983-இல். அதற்கு முன்பே 1979-இல் ஜான் போஸ்டல் எழுதிய வேறொரு பெயர் வழங்கி முறை இருந்தது. 1988-இல், கணினி தொடங்கும்போது முகவரி தரும் பூட்பி என்ற முறைக்காக இந்த எண் வரிசையை வகுத்தபோது அந்தப் பழைய முறைக்கு 5, டிஎன்எஸ்-க்கு 6 என்று கொடுத்தார்கள். பூட்பி-யின் வழித்தோன்றலாக 1993-இல் வந்த டிஹெச்சிபி அந்த எண்களை அப்படியே ஏற்றுக்கொண்டது. ஐந்தாம் எண் இன்று எந்தக் கணினிக்கும் பயன்படுவதில்லை. ஆனாலும் திரையில் இடம் பிடித்திருக்கிறது.

கேள்வி: உபுண்டு லினக்ஸில் ரிசால்வ்.கான்ஃப் என்ற கோப்பில் பெயர் வழங்கியை எழுதினேன். மறுமுறை இயக்கியபோது அது மறைந்து 127.0.0.53 என்று இருந்தது. நான் எழுதியதை அழித்தது யார்?
— தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்

பதில்: தானியங்கி ஏற்பாடுதான் அழித்தது, அது தன் கடமையைச் செய்திருக்கிறது. டிஹெச்சிபி வழியாகப் பெயர் வழங்கி வரும் கணினியில் அந்தக் கோப்பு மனிதர் எழுதுவதற்கானது அல்ல, மென்பொருள் எழுதுவதற்கானது. உபுண்டு 18.04 முதல், கணினிக்குள்ளேயே ஓடும் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற இடைத்தரகர் 127.0.0.53 என்ற முகவரியில் கேள்விகளை வாங்கி, டிஹெச்சிபி சொன்ன பெயர் வழங்கிக்கு அனுப்புகிறது. உண்மையில் யாரிடம் போகிறது என்று பார்க்க 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் எந்தப் பெயர் வழங்கி கிடைத்திருக்கிறது என்று தனித்தனியே காட்டும். மடிக்கணினியில் கேபிளும் வைஃபையும் விபிஎன்-னும் (வெளியிலிருந்து அலுவலக வலையமைப்பில் சேரும் பாதுகாப்பான வழி) ஒன்றாக இருக்கும்போது இந்தப் பிரிவினை மிகவும் உதவுகிறது, ஏனெனில் அலுவலகப் பெயர்களை விபிஎன் சொன்ன பெயர் வழங்கியிடமும் மற்றவற்றை வீட்டு ரவுட்டரிடமும் கேட்கும்படி அமைக்கலாம். ஒரே கோப்பில் எல்லாவற்றையும் எழுதிய பழைய முறையில் இதற்கு வழியில்லை. அதில் மூன்று முகவரிகளுக்கு மேல் எழுதினாலும் நான்காவதை யாரும் படிக்க மாட்டார்கள். உங்களுக்குக் கட்டாயம் வேறு முகவரி வேண்டும் என்றால் இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜர் என்ற மென்பொருளின் இணைப்பு அமைப்பில், தானாக வரும் பெயர் வழங்கியை ஏற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அங்கே எழுதுங்கள். கோப்பைப் பூட்டி வைக்கும் உபாயத்தை மட்டும் செய்யாதீர்கள். வேறு ஊரில் வேறு வைஃபையில் அமரும்போது அது உங்களையே வெளியே நிறுத்தும்.

கேள்வி: மாணவர்களுக்குத் தகாத தளங்களைத் தடுக்கும் பெயர் வழங்கி ஒன்றை எங்கள் நூலகத்தில் நிறுவி, டிஹெச்சிபி-யில் அதன் முகவரியைக் கொடுத்திருக்கிறோம். மேசைக் கணினிகளில் சரியாக வேலை செய்கிறது. சில மடிக்கணினிகளும் கைபேசிகளும் மட்டும் அதைக் கடந்து போய்விடுகின்றன. அவற்றில் யாரும் எதையும் மாற்றவில்லை.
— நூலகர், மதுரை

பதில்: அந்த மடிக்கணினி ஒன்றில் 'என்எஸ்லுக்அப்' என்று மட்டும் தட்டிப் பாருங்கள். முதல் வரியில் நீங்கள் கொடுத்த 192.168 முகவரிக்குப் பதிலாக எஃப்இ80 என்று தொடங்கும் நீண்ட முகவரி வந்தால், விடை கிடைத்துவிட்டது: அது ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை வழியாகக் கிடைத்த பெயர் வழங்கி. நீங்கள் ஐபிவி4 கதவில் காவல் வைத்திருக்கிறீர்கள். பக்கத்திலேயே ஐபிவி6 கதவு திறந்து கிடக்கிறது. ஐபிவி6 பயன்பாட்டில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று என்பதால், நீங்கள் கேட்காமலேயே இணைப்பு நிறுவனத்தின் ரவுட்டரில் அது இயங்கிக்கொண்டிருக்கும்.

ஐபிவி6-இல் கணினி தன் முகவரியைத் தானே அமைத்துக்கொள்ளும். 'நம் வலையமைப்பின் முன்னொட்டு (முகவரியின் முற்பகுதி) இது' என்று ரவுட்டர் அவ்வப்போது அறிவிப்பதே அதற்குப் போதும். ஆனால் அந்த அறிவிப்பில் பெயர் வழங்கிக்கு முதலில் இடமே வைக்கப்படவில்லை. அதனால் 2003-இல் டிஹெச்சிபிவி6 முறையில் ஓர் இடம் ஒதுக்கினார்கள். ரவுட்டரின் அறிவிப்பிலேயே பெயர் வழங்கியைச் சேர்க்கும் ஆர்டிஎன்எஸ்எஸ் என்ற வழி 2007-இல் சோதனை நிலையில் வெளிவந்து, 2010-இல் தர ஆவணமாக உயர்ந்து, 2017-இல் ஆர்எஃப்சி 8106 ஆகத் திருத்தப்பட்டது. இரண்டு வழிகள் இருப்பதால் கருவிகளும் இரண்டு கட்சியாகிவிட்டன. ஆண்ட்ராய்டு 5.0 முதல் ரவுட்டர் அறிவிப்பைப் படிக்கிறது. பெயர் வழங்கிக்காக டிஹெச்சிபிவி6-ஐ நாடுவதில்லை. விண்டோஸ் நெடுங்காலம் டிஹெச்சிபிவி6-ஐ மட்டுமே நாடியது. ரவுட்டர் அறிவிப்பைப் படிக்கத் தொடங்கியது 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான். இரண்டு வழிகளிலும் அறிவித்தால்தான் எல்லாக் கருவிகளும் கேட்கும்.

செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பெயர் வழங்கிக்கு எஃப்டி என்று தொடங்கும் உள்ளூர் ஐபிவி6 முகவரி ஒன்றை நிலையாகக் கொடுங்கள். நிறுவனம் தரும் முன்னொட்டு மாறிக்கொண்டே இருக்கக்கூடியது என்பதால் அதிலிருந்து முகவரி எடுக்காதீர்கள். பின்னர் ரவுட்டரின் ஐபிவி6 லேன் பகுதியில் டிஹெச்சிபிவி6, ரவுட்டர் அறிவிப்பு ஆகிய இரண்டிலும் அந்த முகவரியை எழுதுங்கள். நிறுவனம் தந்த சில ரவுட்டர்கள் இதற்கு இடம் தருவதில்லை. அப்போது அதன் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டரை வைப்பதே நல்லது. ஐபிவி6-ஐயே நிறுத்திவிடலாம் என்று உங்களுக்குச் சிலர் அறிவுரை கூறுவார்கள். ஒரு வாரத் தற்காலிக ஏற்பாடாக அதைச் செய்யலாம், நிலையான தீர்வாக நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: எங்கள் பெண்கள் விடுதியில் சில அறைகளில் திடீரென இணையம் நின்றுவிடுகிறது. ஐபிகான்ஃபிக் கொடுத்தால் எங்கள் வலையமைப்புக்குச் சம்பந்தமில்லாத முகவரிகள் வருகின்றன. வெளியிலிருந்து யாரேனும் புகுந்துவிட்டார்களா என்று அச்சமாக இருக்கிறது.
— விடுதிக் காப்பாளர், திருச்சி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் பெரும்பாலும் காரணம் அறைக்குள்தான் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விடுதியில் இதே குறைக்காக என்னை அழைத்திருந்தார்கள். அங்கே எல்லா முகவரிகளும் 10 என்று தொடங்க வேண்டும். ஒரு மாணவரின் கணினியில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்தேன். டிஹெச்சிபி சர்வர் என்ற வரியில் 192.168.0.1 என்று இருந்தது, அதன் கீழே பெயர் வழங்கி என்ற வரியிலும் அதே 192.168.0.1. விடுதியில் அப்படி ஒரு சர்வரே கிடையாது. 'ஏஆர்பி -ஏ' கட்டளையால் அதன் மேக் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணை, குறித்துக்கொண்டு, சுவிட்ச் அறைக்குப் போய் அந்த மேக் சுவிட்சின் எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) தெரிகிறது என்று தேடினோம். பதினேழாம் போர்ட். கேபிளைப் பின்தொடர்ந்து இரண்டாம் மாடிக்குப் போனால், ஒரு மேசைக்கடியில் உள்ளங்கை அளவில் வெள்ளை நிற வீட்டு ரவுட்டர். கைபேசிக்கு வைஃபை வேண்டும் என்று ஊரிலிருந்து கொண்டுவந்த மாணவர், சுவரிலிருந்து வந்த கேபிளை வேன் துளையில் செருகாமல் லேன் துளையில் செருகியிருந்தார். அந்தத் தவற்றால், அந்த ரவுட்டர் தன் அறைக்கு மட்டுமல்லாமல் மாடி முழுவதற்கும் டிஹெச்சிபி பதில் சொல்லத் தொடங்கிவிட்டது. கணினி எழுப்பும் குரலுக்கு யார் முதலில் பதில் சொல்கிறார்களோ அவரைத்தான் கணினி பெரும்பாலும் நம்பும். பதில் சொன்னவர் உரியவர்தானா என்று சரிபார்க்க டிஹெச்சிபி-யில் நடைமுறையில் வழி இல்லை.

அந்த மாணவரிடம் எந்தத் தீய நோக்கமும் இல்லை. ஆனால் தீய நோக்கம் உள்ளவர் இதே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றில் ஒரு பெரும் சான்று உண்டு. டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல், தான் புகுந்த கணினிகளின் பெயர் வழங்கி முகவரியை மாற்றி, எஸ்தோனியாவைச் சேர்ந்த ஒரு கும்பல் நடத்திய பெயர் வழங்கிகளுக்குத் திருப்பிவிட்டது. நூறு நாடுகளுக்கு மேல் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகள் அதில் சிக்கின. சரியான பெயரைத் தட்டியவர்கள் வேறு தளத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பார்த்த விளம்பரங்களும் மாற்றப்பட்டன. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த வீட்டு ரவுட்டர்களுக்குள் நுழைந்து அவற்றின் பெயர் வழங்கி அமைப்பையும் அது மாற்ற முயன்றது; ஒரு ரவுட்டர் மாறினால், தீநிரலே புகாத கணினிகளும் டிஹெச்சிபி வழியாகக் கும்பலின் முகவரியைப் பெற்றுக்கொண்டன. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தக் கும்பலைப் பிடித்த பிறகும், அந்தப் பெயர் வழங்கிகளை உடனே அணைக்க முடியவில்லை. அணைத்தால் லட்சக்கணக்கானோருக்கு இணையமே நின்றுவிடும். நீதிமன்ற உத்தரவின் பேரில் ஐஎஸ்சி என்ற அமைப்பு நேர்மையான பெயர் வழங்கிகளை அதே முகவரிகளில் 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியிருந்தது. ஒரு வரி முகவரியை மாற்றியதன் விளைவு எவ்வளவு தூரம் போனது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நடுக்கமாக இருக்கிறது.

உங்கள் விடுதியில் நிர்வகிக்கக்கூடிய சுவிட்ச் இருந்தால் டிஹெச்சிபி ஸ்னூப்பிங் என்ற வசதியை இயக்குங்கள். உங்கள் சர்வர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பத்தக்கது என்று குறியுங்கள். வேறு எந்தப் போர்ட்டிலிருந்து டிஹெச்சிபி பதில் வந்தாலும் சுவிட்ச் அதைத் தூக்கி எறிந்துவிடும். ஐபிவி6-இல் இதே காவலை ஆர்ஏ கார்டு என்ற வசதி செய்யும். இரண்டும் இல்லாத மலிவு சுவிட்ச் என்றால், மேலே சொன்ன வழியில் கேபிளைப் பின்தொடர்ந்து தேடுவது தவிர வேறு வழியில்லை. ரவுட்டர் வைத்திருக்கும் மாணவியைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதில் டிஹெச்சிபி-யை அணைத்துவிட்டு வெறும் வைஃபை கருவியாக வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். அறையில் வைஃபை எட்டவில்லை என்பது அவருடைய உண்மையான குறை. உங்கள் சொந்த ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலக வைஃபையில் சேர்ந்தால் ஒரு சிலரின் கைபேசியில் மட்டும் 'பிரைவேட் டிஎன்எஸ் சர்வரை அணுக முடியவில்லை' என்று வருகிறது. அவர்களுக்கு இணையமே கிடைப்பதில்லை.
— கூட்டுறவுச் சங்க ஊழியர், தஞ்சாவூர்

பதில்: ஆண்ட்ராய்டு 9 முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதற்கு மூன்று நிலைகள்: அணைத்து வைப்பது, தானாக, பெயர் குறிப்பிட்டு ஒரு பெயர் வழங்கி. 'தானாக' என்று இருந்தால், டிஹெச்சிபி சொன்ன பெயர் வழங்கியிடமே 853-ஆம் போர்ட்டில் மறைகுறியாக்கிப் பேச இயலுமா என்று கைபேசி முயன்று பார்க்கும், இயலாவிட்டால் வழக்கமான முறையில் கேட்கும். பெயர் குறிப்பிட்டிருந்தால் அந்த ஒன்றைத் தவிர வேறெதையும் ஏற்காது. உங்கள் அலுவலகத் தீயரண் (ஃபயர்வால்) 853-ஆம் போர்ட்டை மூடியிருக்கிறது. அவர்கள் பெயர் குறிப்பிட்டு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அவர்களுக்கு மட்டும் இந்தச் செய்தி வருகிறது.

உலாவிகளிலும் இப்படியொரு தனிவழி உண்டு. ஃபயர்ஃபாக்ஸ் தன் இயல்பான தேர்வாக வெளிப் பெயர் வழங்கியை மறைகுறியாக்கி அணுகும் நாடுகளில், முதலில் 'யூஸ்-அப்ளிகேஷன்-டிஎன்எஸ்.நெட்' என்ற பெயரை உங்கள் பெயர் வழங்கியிடம் கேட்டுப் பார்க்கும். 'இல்லை' என்று பதில் வந்தால், இந்த வலையமைப்பின் ஏற்பாட்டை மதித்து ஒதுங்கிக்கொள்ளும். பயனர் தாமே தேர்ந்தெடுத்திருந்தால் ஒதுங்காது. மறைகுறியாக்கிப் பேசும் பெயர் வழங்கியையும் டிஹெச்சிபி வழியாகவே அறிவிக்கும் முறை 2023 நவம்பரில் ஆர்எஃப்சி 9463 ஆக வந்துவிட்டது, அதற்கான எண் 162. ஆனால் அதைப் புரிந்துகொள்ளும் கருவிகள் இனிமேல்தான் பெருக வேண்டும்.

அதுவரை அந்த ஊழியர்களிடம் பிரைவேட் டிஎன்எஸ்-ஐ அணைக்கச் சொல்லாதீர்கள். பேருந்து நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் கிடைக்கும் வைஃபையில் அது அவர்களுக்குப் பாதுகாப்பு. 'தானாக' என்ற நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள். அலுவலகத்துக்குள் உங்கள் பெயர் வழங்கியையே கேட்கும். அதையும் மாற்ற விரும்பாதவர்களுக்காக, உள் சர்வர்களோடு தொடர்பில்லாத விருந்தினர் வைஃபை ஒன்றைத் தனியே அமைத்து, அதில் மட்டும் 853-ஆம் போர்ட்டைத் திறந்து விடுங்கள்.